‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

பழைய டிராக்டர்களைப் புதுப்பித்து வைத்திருக்கும் அன்பர்கள் சேர்ந்து ஒரு மலர் போடப் போகிறார்களாம். அந்தக் காலத்து வண்டிகளின் அருமையைப் பற்றி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று எனக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது. என் பெயர் கன்னியப்பன். செஞ்சியில் ஒரு டிராக்டர் டீலரின் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஸ்பேனர் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். அருமை வேண்டுமென்றால் இவர்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். போட்டால் போடட்டும், கிழித்தால் கிழிக்கட்டும்.

போன மாதம் திருவண்ணாமலை ரோட்டில், பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற மனையில் இவர்களுடைய கண்காட்சி நடந்தது. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் வண்டிகள் வந்தன. டிராக்டர் லாரியில் ஏறி வருவதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று அத்தனையும் முகம் பார்க்கிற மாதிரி பெயிண்ட். டயருக்குக்கூடக் கறுப்புப் பாலிஷ். உழவே தெரியாத வண்டிகள் மாதிரி நின்றன.

ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்கள். போனில் அந்தச் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மட்கார்டைத் தட்டி, இரும்புன்னா இதுதான் சார் இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம் என்றார் ஒருவர். இன்னொருவர் மனைவியை சீட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். எனக்கு மூத்த மெக்கானிக் என்று சொல்லி ஒரு சால்வை போட்டார்கள். வல்லத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு விவசாயி என் காதோரம், இவனுங்களுக்கு வேற வேலவெட்டி இல்லியா என்று கேட்டார். எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த இரும்பு எத்தனை பேருடைய கை காலை வாங்கியிருக்கிறது என்று அங்கே நின்ற ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும், நாங்கள்தான் கழுவினோம்.

வரிசைக் கடைசியில் ஒரு நீல வண்டி. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். இடது மட்கார்டு விரிசலில் ஒரு வெல்டிங் தழும்பு. புதுப் பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது. என் வெல்டிங் எனக்குத் தெரியாதா?

வண்டிக்காரர் கோயம்புத்தூர் இன்ஜினியர், நாற்பது வயது இருக்கும். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. வல்லத்துப் பக்கம் ஒரு கொட்டகையிலிருந்து வாங்கினாராம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரைக் காட்டி, இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி இந்தியாவிலேயே கிடையாது என்றார்.

“ஏன் ஓடலன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“பழைய ஓனர் பெரியவருக்கு இது மேல அவ்வளவு பாசமாங்க. யாரையும் தொட விடலையாம். அதனால பாருங்க, ஒரு வயர்கூட நான் மாத்தலைங்க, எல்லாமே ஒரிஜினல்.”

குனிந்து கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் பார்த்தேன். சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர் முனைகள் முறுக்கி, மேலே சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. நான் சுற்றியது. அதற்கும் துடைத்துப் பளபளப்பாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார் அந்த மனிதர்.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பத்தாவது பெயிலாகி வேலைக்கு வந்தேன். மூன்று வருஷம் சாமான் கழுவினேன், இரண்டு வருஷம் நட்டு முடுக்கினேன், கம்பெனியில் ஒரு மாதம் டிரெயினிங் அனுப்பினார்கள், மெக்கானிக் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பு. மிச்சத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சர்வீஸ் மேனேஜர் தாமோதரன் சார்.

அவர் சத்தம் போட்டு ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. கிரீஸைத் தொட மாட்டார், ஆனால் மணிக்கு ஒரு தடவை கை கழுவுவார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு வண்டி ஒரு ஜாப் கார்டு உண்டு. அதில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் புகார், வண்டிக்காரர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். இரண்டாவதில் செய்த வேலை. மூன்றாவதில் காரணம். சாயங்காலம் கார்டுகளை அவர் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். பேனா மூடியால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் தட்டிக்கொண்டே வாசிப்பார். பிடிக்காத வார்த்தை வந்தால் தட்டுவது நிற்கும். அவர் அடிக்க மாட்டார். நாமே பேனாவை வாங்கி நம் வார்த்தையை நாமே அடிக்கிற வரைக்கும் கேள்வி கேட்பார்.

ஒருமுறை தளவானூர் வண்டி ஒன்றுக்குக் கியர் பல் உடைந்து வந்தது. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. நான் காரணம் கட்டத்தில் ‘வார்ப்பு சரியில்லை’ என்று எழுதினேன். மூடி நின்றது.

“காரணம்னா அது வண்டிக்கு வெளியில இருக்கணும் கன்னியப்பா,” என்றார்.

நான் அடிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம், மெக்கானிக்காக இருந்தும், டீசல் டப்பில் சாமான் கழுவினேன். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை, ஸ்பேனர் மட்டும் என் கைக்கு வரவில்லை. மூன்றாவது மாதம் என் கார்டுகளில் எல்லாக் காரணமும் வண்டிக்கு வெளியில் போய்விட்டது. ஓட்டுநர் கவனக்குறைவு, அதிக சுமை, தவறான எண்ணெய். எழுத எழுதக் கை பழகிவிடும். பழகாது என்று சொல்கிறவன் வேலை பார்க்காதவன்.

எங்கள் தொழிலில் ‘டைரக்ட்’ என்று ஒரு வார்த்தை உண்டு. ஒரு சுவிட்ச் கெட்டுப்போய் மாற்றுச் சாமான் இல்லையென்றால், சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் நேராக முடிந்துவிடுவது. டைரக்ட் கொடுத்தாச்சு என்போம். லைட்டுக்குச் செய்யலாம், ஹாரனுக்குச் செய்யலாம். அந்த நீல வண்டியில் கிளட்சுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் வரும். கிளட்சை முழுக்க மிதித்தால்தான் சாவி வேலை செய்யும். கியரில் நிற்கிற வண்டி தவறுதலாகக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்தது. அதற்கு டைரக்ட் கொடுக்கக் கூடாது என்று டிரெயினிங்கில் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.

வண்டி வல்லத்தில் கோவிந்தசாமி என்ற விவசாயியுடையது. ஓட்டியவர் சவரிமுத்து. செஞ்சிக்குப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். எங்களிடம் வந்த அத்தனை டிரைவர்களில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே ஆள். ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவச் சொன்னால் திங்கட்கிழமை தவறாமல் கழுவுவார். வண்டி புதிதாக வந்தபோது அவருக்கு அந்த சுவிட்சைக் காட்டிப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். தினமும் காலையில் ஏறுவதற்கு முன் கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்பிப் பார், சத்தம் வரக் கூடாது, வந்தால் சுவிட்ச் போச்சு, என்னிடம் கொண்டு வா என்றேன். நியாயமாக சீட்டில் உட்கார்ந்து, கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை அது. அதையெல்லாம் சொல்லவில்லை. “கீழ நின்னுக்கினே திருப்பிப் பாரு, போதும்,” என்றேன். அவசரம், அலட்சியம், நமக்குத் தெரியாததா என்ற திமிர். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் தரையில் நின்று, எட்டிச் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

ஆடியில் நல்ல மழை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்க ஊரே அலைந்தது. அந்த நேரம் பார்த்து அந்த சுவிட்ச் கெட்டது. கிளட்சை மிதித்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டோரில் சுவிட்ச் இல்லை, மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். கோவிந்தசாமி வாசலில் நின்று கத்தினார். தாமோதரன் சார் என்னிடம் வந்தார்.

“சீசன்ல நம்ம வண்டி நிக்கக் கூடாது. பாத்துச் செஞ்சு அனுப்பு,” என்றார்.

பாத்துச் செய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டைரக்ட் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது, அவ்வளவுதான். வயரை முறுக்கி டியூப் சுற்றினேன். அதோடு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, டீசல் லைனில் காற்று எடுத்து, தொட்டால் கிளம்புகிற மாதிரி செய்து வைத்தேன். கார்டில் ‘சுவிட்ச் டைரக்ட், ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும்’ என்று எழுதிக்கொண்டு போனேன். மூடி நின்றது. அவர் கேள்வி கேட்கக்கூட இல்லை. நானே பேனாவை வாங்கி அடித்துவிட்டு, ‘சுவிட்ச் சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வண்டியெடுக்க சவரிமுத்து வந்தார். தாமோதரன் சார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாண்ணா, சுவிட்சு மாத்தியாச்சா?” என்று கேட்டார் சவரிமுத்து.

“சரி பண்ணியாச்சு, போ,” என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை, ‘டைரக்டா இருக்குது, பாத்துக்கோ’ என்று சொல்லியிருந்தால் போதும். சார் நிற்கிறார் என்று சொல்லவில்லை. காலையில் இந்த ஆள் கீழே நின்று சாவியைத் திருப்புவார் என்று எனக்குத் தோன்றாமலும் இல்லை. தோன்றியது. நாளைக்கு வல்லம் பக்கம் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தகவல் வந்தது. ஓடினேன். களத்து மேடு சரிவு. ஹேண்ட் பிரேக் லூஸ் என்று எல்லோரையும் போல அவரும் கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறார். சரி செய்த சுவிட்ச் வேலை செய்கிறதா என்று, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, பெரிய சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று சாவியைத் திருப்பியிருக்கிறார். வண்டி வைக்கோல் போரில் முட்டி நின்றிருந்தது. சாவி திரும்பியபடி இருந்தது, இரண்டாவது கியர். என்ன நடந்தது என்று அந்தக் களத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சக்கரம் ஏறிய உடம்பைச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

வண்டியின் நிலைமை பற்றிப் போலீஸில் டீலரிடமிருந்து எழுத்தில் கேட்டார்கள். தாமோதரன் சார் என்னை உட்கார வைத்தார். முதல்தடவையாக என்னை அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தது அன்றைக்குத்தான். பிரேக் நன்றாக இருக்கிறதா, ஸ்டீயரிங் நன்றாக இருக்கிறதா, ஸ்டார்ட் ஆகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ஆமாம் சார், ஆமாம் சார் என்றேன். அப்படியென்றால் வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்.

“சார், அந்த டைரக்ட்...” என்று ஆரம்பித்தேன்.

“எந்த டைரக்ட்? சுவிட்ச் சரி செய்யப்பட்டதுன்னு கார்டுல உன் கையெழுத்து இருக்குதே. பொய்யா எழுதின?”

அவர் குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

“அவன் குடிப்பானா?”

“நான் பாத்ததில்ல சார்.”

“பாத்ததில்லன்னா, குடிக்க மாட்டான்னு உன்னால சத்தியம் பண்ண முடியாது. இல்லியா?”

பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“நிதானம் தவறி இயக்கியதால்னு எழுது. குடிச்சான்னு நாம எழுத வேணாம். பாவம், பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது.”

எழுதினேன். என் கையெழுத்து, எனக்குக் கீழே அவருடைய சின்னக் கையெழுத்து. நிதானம் என்றால் பொறுமை என்று அகராதியில் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் நிதானத்தில் இல்லை என்றால் பச்சைக் குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும். ஸ்டேஷனில் அதை வாசித்தவர் கோவிந்தசாமியிடம் சொன்னார், அவர் ஊரில் சொன்னார். அடக்கத்துக்கு முன்பே சவரிமுத்து குடித்துவிட்டு வண்டியெடுத்துச் செத்தவன் ஆகிவிட்டார். வண்டியைப் பரிசோதிக்க வந்தவர் ஹாரனை அடித்துப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார், போய்விட்டார். டியூப் துண்டை யாரும் பார்க்கவில்லை. ஆளைக் கொன்ற வண்டி என்று கோவிந்தசாமி அதைக் கொட்டகையில் தள்ளிப் படலைச் சாத்திவிட்டார். அதுதான் இந்தியாவிலேயே குறைவாக ஓடிய வண்டியின் கதை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சவரிமுத்துவின் மனைவி லூர்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முதல் நாள் சாயங்காலம் என்னிடம்தானே வந்து வண்டி எடுத்துப் போனார், அவர் முகத்தை நான்தானே பார்த்தேன், குடிக்கிற ஆள் இல்லை என்று பங்குச் சாமியாரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னால் யாரம்மா கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பயம். எனக்கும் மூன்று பிள்ளைகள். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

அடக்கத்துக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து போனவன் நான் ஒருத்தன்தான். குற்றம் குறுகுறுத்துப் போனேன். அது அவளுக்குப் பெரிய மனசாகப் பட்டுவிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து அதிரசமும் முறுக்கும் வைத்துவிட்டு, வாங்கண்ணா, போங்கண்ணா என்று மரியாதையாகப் பேசிவிட்டுப் போவாள். என் மனைவி சாப்பிடுவாள். நான் சர்க்கரை என்று சொல்லிவிடுவேன். எனக்குச் சர்க்கரையே இல்லை. அந்தப் பெண் குழந்தை வளர்ந்தபோது இரண்டு சம்பந்தம் கூடி வந்து, குடிகாரன் வீடு என்று முறிந்தது. கடைசியில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தாள். அந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காரவைத்து எனக்குச் சந்தனம் கொடுத்தாள். தாமோதரன் சார் அதற்குள் ரிட்டயராகி, சொந்த வீட்டில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தார். கொடுத்து வைத்த சாவு.

கண்காட்சியில் அந்த இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வயரை எடுத்துவிட்டு சுவிட்ச் வையுங்கள், ஒரு ஆளைத் தின்ற வயர் அது என்றேன். அவர் முகம் மாறியது, இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் போனை எடுத்துக் குனிந்து அந்த டியூப் துண்டைப் படம் பிடித்தார். ஒவ்வொரு விண்டேஜ் வண்டிக்கும் பின்னால் ஒரு ஸ்டோரி இருக்க வேண்டும் சார், இத்தனை நாளாக இதற்கு ஸ்டோரி இல்லாமல் இருந்தது என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு எரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஒளித்து வைத்ததை முதன்முதலாக யாரிடம் கொட்டினேன் பாருங்கள். சால்வையை அவர் பானெட் மேலேயே வைத்துவிட்டு, ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினேன்.

லூர்து வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா என்று எழுந்து நாற்காலி போட்டாள். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். சுவிட்ச், டைரக்ட், கார்டு, கீழே நின்று திருப்பச் சொன்னது, நிதானம் என்று எழுதியது, எதையும் விடவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வண்டி எடுக்க வந்தப்ப, சுவிட்சு மாத்தியாச்சான்னு அவரு கேட்டாரா?” என்றாள்.

“கேட்டாரும்மா.”

“நீ இன்னா சொன்ன?”

அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் ‘நீ’.

“சரி பண்ணியாச்சு, போன்னு சொன்னேன்.”

கீழே சிந்திய உளுந்தைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

“வண்டிக்காரர சபிச்சேன், போலீஸ சபிச்சேன், இந்த ஊர சபிச்சேன். உனுக்கு மட்டும் வேண்டிக்கினேன். பூச பூசைக்கு உம் பேரச் சொல்லி வேண்டிக்கினேன்,” என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும், அங்கே வந்து சொல்லு, என்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனேன். கோயில் வாசலில் நின்று, சவரிமுத்து குடிக்கவில்லை, அவர் சாவுக்கு நான்தான் காரணம், பொய் எழுதிக் கொடுத்தேன் என்று சத்தமாகவே சொன்னேன். யாரும் அடிக்க வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முக்கால்வாசிப் பேர் அவர் செத்த பிறகு பிறந்தவர்கள். யாரு சவரிமுத்து என்று ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கலைந்துபோனார்கள்.

லூர்து மட்டும் நின்றாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தைக் கையால் காட்டினாள்.

“குடிகாரன்னு பேசுன வாயெல்லாம் அங்கதான் படுத்துக்கினு இருக்குது. அங்க போய்ச் சொல்லு.”

உள்ளே போனேன். வரிசை வரிசையாகச் சிலுவைகள். யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.